திமில் மேல் ஒரு கை

படத்தை மேசைமேல் விரித்ததும் இருசம்மாள் முதலில் சிரித்தாள். அவள் வீட்டுக் காளை அரண்மனை வாசலில் நிற்பது போல மிடுக்காக நின்றுகொண்டிருந்தது. பின்னால் மஞ்சளும் செம்மண்ணும் குழைத்துப் பூசிய வானம். கழுத்து மயிர் ஒவ்வொன்றும் தூரிகையால் இழுத்துவிட்ட மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளின் சிரிப்பு மெதுவாக அடங்கியது. குனிந்து பார்த்தாள். ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பின்னால் வெறும் கேன்வாஸ் துணிதான் இருந்தது.

"கையி எங்கம்மா?" என்றாள்.

மணிமொழிக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கை என்று கேட்டாள்.

"அவரு கையி. காள மேல வெச்சிகினு இருந்தாரே."

கடை நிறைய ஆள். பொங்கலுக்கு முந்தின வாரம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் காசிநாதனின் ஸ்டுடியோவில் அப்போது நிற்க இடம் இருக்காது. கல்யாணப் படம், காதுகுத்துப் பேனர் எல்லாம் ஒரு பக்கம் கிடக்க, மாடும் நாயும் சேவலுமாகத்தான் வேலை வந்து குவியும். போனில் எடுத்த மாட்டுப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அதைக் கையால் வரைந்த ஓவியம் போலாக்கிக் கேன்வாஸில் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அதைச் செய்கிறவள் மணிமொழி. தன் மூஞ்சி எப்படி வந்திருக்கிறது என்று கவலைப்படாத மனுஷன்கூடத் தன் மாட்டின் கண்ணில் பளபளப்பு போதவில்லை என்று இவளோடு மல்லுக்கு நிற்பான். மாட்டுப் படமா, மணியிடம் கொடு என்று சங்கராபுரம் வரைக்கும் பேர். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. படத்தைக் கணினியில் திறந்ததும் முதல் வேலை கயிற்றை எடுப்பது. மூக்கணாங்கயிறு, கழுத்துக்கயிறு, கட்டுத்தறி எல்லாம் போய்விட வேண்டும். கயிறு இல்லாத காளைக்குத்தான் கம்பீரம். கயிறு போனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனும் போக வேண்டியதுதானே. பக்கத்தில் நிற்கும் முழங்கால், முதுகைத் தட்டும் கை, ஓரத்தில் எட்டிப்பார்க்கும் பிள்ளையின் தலை எல்லாவற்றையும் துடைத்துவிடுவாள். அப்புறம் மாட்டின் புண், தழும்பு, சாணிக் கறை, உண்ணிக் கடி. ஒடிந்த கொம்பு நுனியை ஒட்டவைப்பாள். எல்லாம் சுத்தமான பிறகுதான் ஆயில் பெயிண்ட் ஃபில்டரை ஓடவிடுவாள். ஃபில்டர் ஓடியதும் படம் மொத்தமும் குழம்பிய சாயம் போல ஆகிவிடும். அதன்மேல் மயிர் போகிற போக்கிலேயே பிரஷ்ஷால் இழுத்து இழுத்து உயிர் கொண்டுவருவாள். கடைசியாகக் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான். ஒருத்தரும் இதுவரை, எங்கே கயிறு, எங்கே தழும்பு என்று கேட்டதில்லை.

இருசம்மாள் கரியாலூர்க்காரி. மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வரும்போது போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். திரை விரிசல் விட்ட போன், இடமில்லை இடமில்லை என்று அது சதா கத்திக்கொண்டிருந்தது. மலைக்காரர்களின் போன் எல்லாமே அப்படித்தான் என்பதால் மணிமொழி படத்தை நகல் எடுப்பதில்லை, அப்படியே கணினிக்கு நகர்த்திவிடுவாள். போன் கொஞ்சம் மூச்சு விடும், அவர்களுக்கும் சந்தோஷம். கடைக் கணினியும் கிழடு. அதனால் வேலை முடிந்த படத்தை அதே பேரில் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவாள். எத்தனையோ வருஷமாக இப்படித்தான் நடந்தது, ஒரு குறையும் வந்ததில்லை. குறை வராத பழக்கத்தை யார் மாற்றிக்கொள்கிறார்கள்?

போனைக் கொடுத்த அன்று இருசம்மாள் சொன்னது மணிமொழிக்கு இப்போது ஞாபகம் வந்தது. "இருக்கறது அப்பிடியே வரணும்மா" என்றுதான் சொன்னாள். அது காதில் விழுந்தது. அதற்குள் அடுத்த ஆள் சேவல் படத்தை நீட்டிவிட்டான்.

இப்போது மேசைக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு இருசம்மாள் விவரம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அவள் வீட்டுக்காரர் கரும்பு வெட்டுக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இறங்கிப் போகிறவர். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். மாட்டுப் பொங்கலன்று காளையைக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தினார்கள். மகள் ஷாலினி போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். அவருக்குப் படம் என்றாலே கூச்சம், யார் போனை நீட்டினாலும் விலகிக்கொள்வார். அன்றும் விலகினார். முகம் தப்பிவிட்டது, திமில்மேல் வைத்திருந்த கை மட்டும் படத்தில் விழுந்தது. அந்தத் தை மாசமே அவர் தவறிவிட்டார். வேறு படம் கிடையாது. வருஷம் திரும்புகிறது, பொங்கல் கழிந்த மறுவாரம் படைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் படம்.

ஆதார் அட்டையில் இருக்குமே என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்.

"அது அவரு இல்லீங்க" என்றாள் இருசம்மாள். "வரிசையில நிக்க வெச்சி பயந்துபோன யாரோ. எனக்கு அவரு கையிதான் இருக்குது."

அவள் புருஷன் பேரைச் சொல்லவில்லை. ரசீதில் ஷாலினியின் பேர்தான் இருந்தது, பக்கத்தில் அப்பா பேர் கந்தசாமி என்று எழுதியிருந்தது.

மணிமொழி அந்தக் கையைத் துடைத்து, பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டிருந்தாள். அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தப்பு நடந்துவிட்டது என்று சொல்லிக் காலில் விழுந்திருக்கலாம். ஆனால் வாய் அவளைக் கேட்காமலே வேறொன்றைச் சொன்னது.

"அது தனியா செய்யற வேலைங்கக்கா. இது சும்மா மாதிரிக்குப் போட்டது. கையோட சேர்த்து நானே கொண்டாந்து குடுக்கறேன்."

இருசம்மாள் முகம் தெளிந்துவிட்டது. அவ்வளவுதானா என்று மூச்சு விட்டாள். பயந்தே போய்ட்டேன் என்று சொல்லிச் சிரித்தாள். போனை ஒருமுறை கொடுங்கள் என்று மணிமொழி கேட்டதும் கொடுத்தாள். மணிமொழி போனைக் குடைந்தாள். ஆட்டுக்குட்டி, மழை, ஷாலினியின் கல்லூரி வாசல், யாரோ அனுப்பிய சாமி படங்கள். அந்தப் படம் இல்லை. வேறு யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா என்று விசாரித்தாள். யாருக்கு அனுப்புவது, எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பதே அபூர்வம் என்றாள் இருசம்மாள். போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பிப் போனாள்.

அன்று மாலை கடை ஓய்ந்ததும் மணிமொழி காசிநாதனிடம் சொன்னாள். காசிநாதன் நல்ல மனுஷன்தான், கத்தவில்லை. அழிந்ததை மீட்டெடுக்கும் மென்பொருள் வைத்திருக்கும் ஒரு நண்பரை வரவழைத்தார். அவர் கணினியை நோண்டியதில் யார் யாருடைய கல்யாணமோ எழுந்து வந்தது. பாதி முகம் உள்ள மணப்பெண், தலை இல்லாத ஆடுகள், எப்போதோ வைத்த பேனரின் எழுத்துகள். கந்தசாமியின் கை வரவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக எழுதியது போனது போனதுதான் என்று சொல்லிவிட்டு நண்பர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மணிமொழி அந்தக் கையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். எப்படி இருந்தது? கறுப்பா, மாநிறமா? சட்டையோடா, சட்டை இல்லாமலா? வாட்ச் கட்டியிருந்ததா? ஒன்றும் வரவில்லை. ஒரு மனுஷனை அவள் தன் கையாலேயே துடைத்திருக்கிறாள், துடைக்கும்போது ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. கடையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

காசிநாதன் சங்கடமாக நின்றார். பிறகு தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். ஒரு கை வேண்டும், அவ்வளவுதானே. ஏதாவது ஒரு ஆம்பளைக் கையை எடுத்து ஒட்டு.

"ஆயில் பெயிண்ட் ஓடவுட்டா எல்லாக் கையும் ஒரே கைதாம்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்போ உங்க கையைக் குடுங்கண்ணா" என்றாள்.

காசிநாதன் வலது கையைச் சட்டென்று சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அவர் மீது குற்றமில்லை. செத்தவருக்குப் படைக்கிற படத்தில் உயிரோடிருக்கிறவன் போய்ச் சேரக்கூடாது. போன வருஷம் இதே கடையில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பேனரில் அண்ணன் படத்துக்குப் பதில் தம்பி படம் ஏறிவிட்டது. மாலை போட்ட தன் படத்தைத் தெருமுனையில் பார்த்த அந்தத் தம்பி காய்ச்சலில் விழுந்து, அவன் பெண்டாட்டி கடை வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். பூசணிக்காய் உடைத்து, கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, ஆள் தேறி எழுந்துவர ரொம்ப நாளானது. அதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர் காசிநாதன்.

இணையத்தில் தேடிப் பார்த்தாள். அங்கே கைகளுக்கு என்ன பஞ்சம். எல்லாம் வெள்ளை வெளேரென்று, நகம் வெட்டி, க்ரீம் பூசின கைகள். அவற்றைக் கறுப்பாக்கினாலும் மாட்டைத் தொட்டறியாத கை என்பது அப்படியே தெரிந்தது. கடையில் கிடக்கிற பழைய படங்களில் செத்துப்போனவர்கள் ஏராளம், ஆனால் எல்லாரும் மார்பளவோடு சரி, கை இல்லை. கை தெரிகிற படங்களில் இருக்கிறவர்களெல்லாம் உயிரோடு ஊருக்குள் நடமாடுகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

மணிமொழிக்கு இதிலெல்லாம் முழு நம்பிக்கை உண்டா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. படித்தவள், கணினியில் வேலை செய்கிறவள். ஆனாலும் ஊரான் வீட்டுப் புருஷன் கையை எடுத்து அதற்கு விளக்கேற்ற வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. கெடுதல் வந்தால்? அந்த ஒரு எண்ணத்தைத் தாண்ட முடியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். தப்பு செய்தவள் நான். பழி என்று ஒன்று இருந்தால் அது என் வீட்டுக்கே வரட்டும்.

மாட்டுப் பொங்கலுக்கு வழக்கம்போல மூங்கில்துறைப்பட்டில் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். மணிமொழியின் புருஷன் இளவரசன் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். அண்ணன் வீட்டு மாடுகளைக் கழுவிக் கொம்புக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் நீலமும் சிவப்பும். கையைக் கழுவிவிட்டு அந்தக் காளையின் திமில்மேல் வைத்து நில் என்று மணிமொழி சொன்னபோது அவனுக்கு ஒரே ஆச்சரியம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஊர் மாடுகளையெல்லாம் ஓவியமாக்கியவள் தன்னை ஒருதரம் படம் எடுத்ததில்லை என்று அவனுக்கு ஒரு குறை உண்டு.

"இன்னாடி, திடீர்னு எம்மேல இவ்ளோ ஆச?" என்று கேட்டுவிட்டுத் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றான்.

அவள் கையை மட்டும்தான் எடுத்தாள். முகம் வேண்டாமா என்றான். கை அழகாக இருக்கிறது, அது போதும் என்றாள். அவன் அண்ணி கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள், வீடே கேலி செய்தது. இளவரசன் வெட்கத்தோடு அப்படியே நின்றான். அவள் சொன்னபடி விரலைக் கொஞ்சம் விரித்தான், மணிக்கட்டைத் தளர்த்தினான். போனுக்குப் பின்னால் மணிமொழியின் கண்ணை நீர் மறைத்துக்கொண்டு வந்தது. புகை என்றாள்.

ஊர் திரும்பியதும் உட்கார்ந்தாள். அந்தக் காளைப் படத்துக்குச் செலவழித்த நேரத்தைப்போல நாலு மடங்கு இந்தக் கைக்குச் செலவழித்தாள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்து நிழலைத் திருப்பினாள். நிறத்தை ஒரு படி அழுத்தினாள். கந்தசாமி வயதில் மூத்தவர் என்பதால் விரல் கணுக்களில் சுருக்கம் இழுத்தாள், புறங்கையில் நரம்பு எழுப்பினாள். பிறகு ஃபில்டரை ஓடவிட்டாள். கை கரைந்து சாயமாகி மறுபடி கூடியது. காசிநாதன் சொன்னது சரிதான். யார் கையாகவும் இருக்கலாம் என்றாகிவிட்டது. காசிநாதனே வந்து பார்த்துவிட்டு, தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த கை என்றார்.

மணிமொழிக்கு மட்டும் அது கரையவில்லை. கட்டைவிரலைச் சற்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும் விதம், டிராக்டர் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து வந்தது, அது அப்படியே இருந்தது. இவள் சாயத்தை எத்தனை இழுத்தாலும் அது போகவில்லை. போக்கவும் அவளுக்கு மனசில்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

படைக்கிற நாளன்று காலை பஸ்ஸில் கரியாலூருக்குக் கிளம்பினாள். இளவரசனிடம் மலையில் ஒரு கஸ்டமர் வீடு என்று மட்டும் சொன்னாள். என் படம் எப்போ வரும் என்று அவன் கேட்டான். வரும் என்றாள். அவன் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனான். கரும்பு ஏற்றிய டிரெய்லர் சாயாமல் வரவேண்டும் என்று அவள் தினமும் வேண்டிக்கொள்கிறதுதான். அன்று வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. மடியில் சுருட்டி வைத்த படம் ஒரு பிள்ளையைப்போலக் கனத்தது. வளைவுக்கு வளைவு அவளுக்குள் பயம் ஏறிக்கொண்டே போனது. இது தேவையா? ஒருத்தியின் ஒரே சொத்தைத் தொலைத்ததோடு நிற்காமல் அவளை ஏமாற்றவும் வேண்டுமா? அவள் காலமெல்லாம் யார் கையையோ கும்பிட்டுக்கொண்டிருப்பாள். இளவரசன் அங்கே வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்க, இங்கே அவன் கைக்குச் சாம்பிராணி காட்டுவார்கள். கூடாது. சொல்லிவிட வேண்டியதுதான். படத்தை விரிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். திட்டினால் திட்டட்டும், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது அவளுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்திருந்தது.

இருசம்மாள் வீட்டு வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது. சாமைச் சோறு கொதிக்கும் வாசனை. ஓரத்தில் அந்தக் காளை கட்டியிருந்தது. படத்தில் இருக்கும் மிடுக்கெல்லாம் இல்லை. விலா எலும்பு தெரிந்தது, ஒரு கொம்பு நுனி ஒடிந்திருந்தது. அதைப் பார்த்தபடியே மணிமொழி நின்றுவிட்டாள். அதற்குள் இருசம்மாள் ஓடிவந்தாள். வாம்மா வா, நீ வரமாட்டியோன்னு பாத்துகினே இருந்தேன் என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த சுருளை வாங்கிக்கொண்டாள். மணிமொழி வாயைத் திறந்தாள். அக்கா என்பது வரைக்கும் வந்தது. இருசம்மாள் உள்ளே போய்விட்டாள்.

உள்ளே சுவரோரம் புது வேட்டியும் துண்டும் மடித்து வைத்திருந்தார்கள். வாழையிலை, பூசணிக்காய் குழம்பு, வெற்றிலை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உறவுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஷாலினி விடுதியிலிருந்து வந்திருந்தாள், ஒல்லியான பெண், அம்மாவின் அதே கண். அவளும் அம்மாவுமாகப் படத்தை விரித்துச் சுவரில் தாழ்வாக ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள்.

இருசம்மாள் முதலில் காளையைப் பார்த்தாள். சிரித்தாள். ஒடிந்த கொம்பை ஒட்ட வைத்திருக்கிறாளே இந்தப் பெண் என்று உறவுக்காரர்களுக்குக் காட்டினாள். எல்லாரும் ஒருதரம் வாசலில் நிற்கும் மாட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அவள் பார்வை திமிலுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

கண்டுபிடித்துவிட்டாள் என்று மணிமொழி நினைத்தாள். ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான், நானாகச் சொல்லும் பாரம் இல்லை என்றுகூடத் தோன்றியது. இருசம்மாள் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் அந்தக் கையின் புறத்தைத் தடவினாள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் மெதுவாகத் தடவினாள். திரும்பியபோது அவள் முகம் முழுக்கக் கண்ணீர். ஆனால் அந்த முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"இந்தக் கையிலதாம்மா அன்னிக்கு துணி சுத்திகினு வந்தாரு. கரும்பு வெட்டற கத்தி பட்டுடுச்சி. ஒண்ணுமில்ல, ஆறிடும்னு சொல்லிகினே இருந்தாரு. உள்ள சீழ் வெச்சி, ஜொரம் வந்து, அதுலதான் போனாரு. படத்துல அந்த அழுக்குத் துணிதான் தெரியும். அதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்."

மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நீ துணிய அவுத்துட்ட. காயத்த ஆத்திட்டியே தாயி. ஷாலினி, பாருடி, அப்பாவுக்கு கையி ஆறிப்போச்சி."

உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு கிழவர் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பஸ்ஸில் உருப்போட்டுக்கொண்டு வந்த வாக்கியத்தை மணிமொழி மனசுக்குள் மறுபடி எடுத்துப் பார்த்தாள். சொன்னால் என்ன ஆகும்? ஆறிப்போன கை மறுபடி புண்ணாகிவிடும். அந்த அழுக்குத் துணியும் போய்விட்டது, அதற்குள் இருந்த கையும் போய்விட்டது, இது எவனுடைய கையோ என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஷாலினி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான். அப்பாவின் கையைத் திரையில் பெரிதாக்கி எத்தனை நாள் பார்த்திருப்பாளோ. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒதுங்கி நிற்கும் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு திரும்பி மணிமொழியைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே மணிமொழிக்குத் தெரிந்துவிட்டது, இவளை ஏமாற்ற முடியவில்லை என்று.

இருசம்மாள் மஞ்சளைக் குழைத்து அந்தக் கையின்மேல் வைத்தாள். சாம்பிராணி போட்டாள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய்ப் பூ போட்டுக் கும்பிட்டார்கள். யாரோ கந்தசாமியின் பேரைச் சொல்லி அழுதார்கள். புகை அந்தச் சின்ன வீடு முழுக்க நிறைந்தது. மணிமொழி வாசல் பக்கம் நகர்ந்தாள், யாரும் பார்க்காமல் வெளியே போய்விட்டால் போதும் என்று இருந்தது.

ஷாலினி பூத்தட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தாள். சாமந்திப் பூ. தட்டை நீட்டிவிட்டு, அம்மாவுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"சொல்லிடாதீங்கக்கா. பூ போடுங்க."

அந்தப் பெண்ணுக்கு இவ்வளவுதான் தெரியும். அது தன் அப்பாவின் கை இல்லை என்பது தெரியும். யாருடையது என்பது தெரியாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? இருசம்மாளும் திரும்பிப் பார்த்தாள். வாம்மா, நீ செஞ்சது, நீயும் வந்து கும்புட்டுக்கோ என்று கூப்பிட்டாள். வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

மணிமொழி போனாள். மஞ்சளும் புகையுமாக அந்தக் கை அவளுக்கு முன்னால் இருந்தது. முந்தின நாள் ராத்திரி அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்த கை. இந்நேரம் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைப் பாதையில் எங்கோ ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும். இருசம்மாள் பக்கத்தில் நின்று அவள் தோளைத் தொட்டு, நல்லா வேண்டிக்கம்மா என்றாள்.

மணிமொழி ஒரு கைப்பிடிப் பூ எடுத்து, தன் புருஷன் கைமேல் போட்டாள்.